டாக்டர் ஜோசப் பெல்

ஷெர்லக் ஹோம்ஸ் என்னும் துப்பறியும் நிபுணரின் கதைகளை நம் வாசகர் பலர் படித்திருப்பர். அந்நிபுணர் கற்பனைப் புருஷர். ஆனால் அவருக்கு மூலமாயமைந்த ஒருவர் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் உண்மையாகவே வாழ்ந்தார். அவர் ரணவைத்தியர்; வைத்திய மாணவர்களுக்கு உபாத்தியாயர். டாக்டர் ஜோசப் பெல் என்னும் அப்பெரியாரின் கீர்த்தியைக் கதாபாத்திரம் விழுங்கிவிட்டது பெரிய அநியாயமென்றே நாம் கருதுகிறோம்.

பெல் 1837-ம் வருஷம் டிசம்பர் 2-ந் தேதி பிறந்தார். அவருடைய கொள்ளுப்பாட்டனார் பெஞ்சமின் பெல்லும் ரணவைத்தியத்தில் பேர்பெற்றவரே. 1859-ல் எடின்பரோ சர்வகலாசாலையில் வைத்தியப் பட்டம் பெற்ற பெல், ஜேம்ஸ் ஸைம் என்ற மேதையிடம் உதவியாளராயிருந்து கைபழகினார். பின்னர் ராயல் இன்பர்மரி ஆஸ்பத்திரியில் ரணவைத்தியரானார். 1873 முதல் 1896 வரை எடின்பரோ வைத்தியப் பத்திரிகையின் ஆசிரியராகவும் விளங்கினார். ஆஸ்பத்திரி வேலையோடு 23 வருஷம் ஒரு பத்திரிகையையும் சுமப்பதென்றால் என்னவென்பது பத்திரிகைத் தொழிலிலுள்ள நமக்குத் தெரியும்.

பிரசங்கங்களைக் கேட்டு ஏட்டில் எழுதிப் பரீட்சையில் ஒப்பிப்பதே படிப்பென்று பெரும்பாலான மாணவர் எண்ணியிருந்தனர். பெல் செய்தது வேறு. வெளிநோயாளிகளை ஒவ்வொருவராய் அழைப்பார். நோயாளி தன் குறையைச் சொல்லுமுன்னரே அவனுடைய தொழிலையும் வாழ்க்கையையும் நோயையும் தாமே சொல்லுவார். 1876-ல் அக்கலாசாலையிற் சேர்ந்த ஆர்தர் கோனன் டாயில் என்ற மாணவரை நோயாளிகளை வரிசைப்படுத்தி உள்ளே அனுப்பும் குமாஸ்தாவாக அவர் நியமித்துக்கொண்டார். அவ்விளைஞர் பிற்காலத்தில் எழுதிவைத்த சம்பவமொன்று உண்டு.

சாதாரண உடையில் ஒருவன் வந்து நின்றான். அவன் பட்டாளத்திலிருந்து சமீபத்தில் விலகியவன், ஹைலாண்டுப் படையில் சார்ஜெண்டு தரத்துச் சிறு அதிகாரி, பார்பேடோஸ் தீவில் இருந்தவன் என்று பெல் சொன்னார். எல்லாம் உண்மையென்று அவன் ஒப்புக்கொண்டான். மாணவர்கள் திகைத்தனர். பிறகே விளக்கம் வந்தது. மரியாதையுள்ள மனிதன், ஆயினும் தொப்பியை எடுக்கவில்லை, பட்டாளத்தில் எடுப்பதில்லை. விலகி நெடுநாளாகியிருந்தால் ஊர் வழக்கம் படிந்திருக்கும். முகத்தில் அதிகாரக் களை; ஸ்காட்லாந்துக்காரன் என்பதோ வெளிப்படை. அவனுக்கிருந்ததோ யானைக்கால் வியாதி. அது பிரிட்டனில் வருவதன்று, மேற்கிந்தியத் தீவுகளில் வருவது.

இம்முறையின் ஜீவன் எங்கேயிருக்கிறது? அத்தொப்பியை ஒவ்வொரு மாணவனும் கண்டான், ஒருவனும் கவனிக்கவில்லை. வியப்பு முதலில், காரணம் பின்னர் என்று பெல் வைத்த வரிசையினால், தான் பார்த்தும் பாராதிருந்தது ஒவ்வொருவனுக்கும் உறைத்தது. அந்த வெட்கத்தோடு சேர்ந்து நுழைந்த பாடம் மறப்பதில்லை. சாட்சிக்கூண்டில் நிற்பவனுடைய முகத்தையும் கையையும் பாராமல் கையிலுள்ள காகிதத்தையே பார்க்கும் வக்கீல்களுக்கும் இப்பயிற்சி தேவையென்பது நம் அபிப்பிராயம்.

கசப்பு மருந்தில் ஒரு விரலைத் தோய்த்து வேறொரு விரலைச் சுவைத்து மாணவரை ஏமாற்றினாரென்ற கதையும் அவர்மேல் வழங்குகிறது. வேறு ஆசிரியர்மேலும் அதையே சொல்லுகிறார்களாதலால், நாம் அதனைச் சாட்சியமாகக் கொள்ளவில்லை.

ஊகம் தவறினால் பிராணன் போகுமே என்று வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அனுமானத்தைப் பரிசோதனையால் உறுதிசெய்தே தீரவேண்டுமென்று பெல் மாணவரிடம் கண்டிப்பாயிருந்தார்.

1892-ல் ஹோம்ஸ் கதைகளின் தொகுதியை டாயில் தம் குருவுக்குச் சமர்ப்பித்தார். பெல்லோ, அப்பெருமை தம் மாணவருக்கே உரியதென்று திருப்பிவிட்டார். 1911-ம் வருஷம் அக்டோபர் 4-ந் தேதி அவர் காலமானார்.

அவர் குழந்தைகள் ஆஸ்பத்திரியிலும் ரணவைத்தியராயிருந்ததை அவர் புகழைப் பேசுவோர் அதிகமாய்ச் சொல்வதில்லை. எங்கே வலிக்கிறதென்று சொல்லத் தெரியாத சிசுவின்முன் கண்ணைத் தவிர வைத்தியனுக்கு வேறு துணை ஏது? தாதிகளுக்கும் அவர் விடாமல் பாடஞ் சொன்னார். ஹோம்ஸின் முதற்கதை வெளிவந்த அதே 1887-ல், தாதிகளுக்கென ரணவைத்தியக் குறிப்புகளடங்கிய ஒரு நூலையும் வெளியிட்டார். வைத்தியர் வந்து பார்த்துப் போய்விடுகிறார். இரவு இரண்டு மணிக்குக் கட்டில் இரத்தம் கசிவதை முதலில் காண்பவள் தாதியன்றோ?