செடிகளை மூட்டை கட்டிய டாக்டர்

ராபர்ட் வைட் என்ற பெயரை உங்களில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்பீர்கள்? தென்னிந்தியச் செடிகொடிகளைப் பற்றி எழுதுபவர்கள் இவரைத் தொடாமல் போக முடியாது.

1796-ல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். 1819-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் உதவி மருத்துவராக இங்கே வந்தார். 1826-ல் சென்னையில் தாவரங்களைச் சேகரிக்கும் பதவி கிடைத்தது. இரண்டே வருடத்தில் அந்தப் பதவியையே ரத்து செய்துவிட்டார்கள். சேகரித்தவை லண்டனுக்குப் போயின, இவர் நாகப்பட்டினத்துக்கு மாற்றலானார். (மாற்றல் என்றால் என்ன என்று பேங்கில் இருந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.)

வைட் அசரவில்லை. மறுபடி முதலிலிருந்து சேகரிக்க ஆரம்பித்தார். பூவும் இலையும் உள்ள கிளையைக் காகிதங்களுக்கு நடுவில் அழுத்திக் காயவைக்க வேண்டும். நம் மழைக்காலத்தில் அது எவ்வளவு பாடு என்று யோசித்துப் பாருங்கள். அப்பளம் காயவைப்பதே பெரிய வேலை! 1831-ல் நீண்ட விடுப்பில் ஊர் போனபோது சுமார் 1 லட்சம் மாதிரிகளைக் கப்பலில் கொண்டுபோனார்.

அங்கே கைகொடுத்தவர் எடின்பரோவில் கூடப் படித்த ஜார்ஜ் வாக்கர் ஆர்னாட். வக்கீலுக்குப் படித்துவிட்டுச் செடிகளிடம் மனதைக் கொடுத்தவர். இந்தியாவுக்கு அவர் வந்ததே இல்லை. நம் ஊர்ச் செடியைக் காய்ந்த நிலையில் மட்டுமே பார்த்து, நண்பர் எழுதிய குறிப்பை நம்பி வகைப்படுத்தினார். இருவரும் சேர்ந்து எழுதிய தென்னிந்தியத் தாவர நூலின் முதல் தொகுதி 1834-ல் வந்தது.

மிஞ்சிய மாதிரிகளை மற்ற தாவரவியலாளர்களுக்கும் பங்கிட்டார்கள். கூடவே எண்களோடு ஒரு பட்டியல். ஒரே செடியின் பிரதிகள் பல ஊர்களில் இருந்தாலும், எண்ணைச் சொன்னால் எதைப் பேசுகிறோம் என்று புரிந்துவிடும். வவுச்சர் நம்பர் மாதிரிதான்.

1834-லேயே வைட் இந்தியா திரும்பினார். இரண்டாம் தொகுதி கடைசிவரை வரவே இல்லை. கடல் கடந்து, மாதக்கணக்கில் கடிதத்துக்குக் காத்திருந்து சேர்ந்து எழுதுவது சுலபமா? ஆர்னாட் பின்னாளில் கிளாஸ்கோவில் பேராசிரியராகி 1868-ல் காலமானார்.

வைட் 1838 முதல் 1853 வரை ஆறு தொகுதிகளாகத் தாவரப் படங்களை வெளியிட்டார். மொத்தம் 2,101 படங்கள். அவருக்காக வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற இரு நம் நாட்டு ஓவியர்கள். எனக்கு இவர்கள்மேல்தான் கூடுதல் மரியாதை. வைட்டும் மறக்கவில்லை, ஓர் ஆர்க்கிட் இனத்துக்குக் கோவிந்துவின் பெயரை வைத்தார். அந்தப் பெயர் இப்போது வழக்கில் இல்லை.

வைட் 1853-ல் ஓய்வு பெற்று இங்கிலாந்து போய், 1872-ல் மறைந்தார்.