5 பவுண்ட் இல்லாமல் கைநழுவிய பேட்டன்ட்: ஜெட் இன்ஜினைத் தந்த ஃபிராங்க் விட்டில் யார்?

வானத்தில் ஒரு போர் விமானம் சீறிக்கொண்டு போனால் தலையை நிமிர்த்திப் பார்க்காதவர்கள் குறைவு. அந்தச் சத்தத்துக்குப் பின்னால் இருப்பது டர்பைன் இன்ஜின். அதை விமானத்துக்கு ஏற்ற வடிவில் வரைந்து, பேட்டன்ட்டும் வாங்கியவர் பிரிட்டன் விமானப்படையின் ஓர் இளம் அதிகாரி. பெயர் ஃபிராங்க் விட்டில். ஆனால் ஐந்தே வருஷத்தில் அந்த பேட்டன்ட் அவர் கையை விட்டுப் போனது. காரணம், புதுப்பிக்கக் கட்ட வேண்டிய 5 பவுண்ட் கட்டணம்.

அரசு ஏன் கண்டுகொள்ளவில்லை? இன்ஜின் எப்படிப் பிறந்தது? கடைசியில் அவருக்கு என்னதான் கிடைத்தது? பார்க்கலாம்.

யார் இந்த விட்டில்?

1907 ஜூன் 1 அன்று இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் பிறந்தார். அப்பா ஒரு மெக்கானிக். பிறகு லெமிங்டன் ஸ்பா என்ற ஊரில் வால்வு, பிஸ்டன் ரிங் தயாரிக்கும் சின்னப் பட்டறை ஒன்றை வாங்கி நடத்தினார். விட்டில் இயந்திரங்களோடு பழகியது அந்தப் பட்டறையில்தான்.

பையனுக்கு விமானப்படையில் சேர ஆசை. எழுத்துத் தேர்வில் தேறிவிட்டார். ஆனா மருத்துவப் பரிசோதனையில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். உயரம் ஐந்தடிதான், மார்பளவும் போதவில்லை. விடவில்லை மனுஷன். உடற்பயிற்சி ஆசிரியர் ஒருவர் சொன்ன பயிற்சியையும் சாப்பாட்டு முறையையும் பிடிவாதமாகப் பின்பற்றி, மூன்று அங்குலம் வளர்ந்து மறுபடியும் போய் நின்றார். ஒருமுறை நிராகரித்தவரை மறுபடி எடுக்க மாட்டோம் என்று அப்போதும் கதவைச் சாத்தினார்கள். கடைசியில் புதிதாக விண்ணப்பிப்பவர் போல முதலிலிருந்து ஆரம்பித்து, 1923-ல் கிரான்வெல் பயிற்சி மையத்தில் தொழிற்பழகுநராகச் சேர்ந்தார்.

அங்கே கணக்கிலும் மாதிரி விமானங்கள் செய்வதிலும் கெட்டிக்காரர் என்று பெயர் வாங்கியதால், 1926-ல் அதிகாரிகளுக்கான கல்லூரியில் இடம் கிடைத்தது. அப்படித்தான் விமானியும் ஆனார்.

21 வயதில் வந்த யோசனை என்ன?

1928-ல் படிப்பை முடிக்கும் நேரத்தில், எதிர்கால விமானங்களைப் பற்றி அவர் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டியிருந்தது. அன்றைய பிரிட்டிஷ் போர் விமானங்கள் மணிக்கு 200 மைல் வேகத்தைக்கூடத் தொடவில்லை. விட்டிலோ, மணிக்கு 500 மைல், அதாவது சுமார் 800 கிலோமீட்டர் வேகத்தில் பறப்பது எப்படி என்று கணக்குப் போட்டார்.

அவர் கணக்கு எளிமையானது. உயரே போகப் போகக் காற்று அடர்த்தி குறையும். காற்று குறைந்தால் விமானத்தைத் தடுக்கும் விசையும் குறையும், வேகமாகப் போகலாம். ஆனால் அதே மெல்லிய காற்றில் பிஸ்டன் இன்ஜின் மூச்சுத் திணறும். வேகம் கூடக்கூட முன்னால் சுழலும் இறக்கையின் இழுவையும் குறைந்துகொண்டே போகும். ஆக, உயரத்துக்கும் வேகத்துக்கும் ஏற்ற வேறொரு இன்ஜின் வேண்டும்.

பதில் 1929-ல் கிடைத்தது. சுழலும் இறக்கையே வேண்டாம், டர்பைனிலிருந்து வெளியே பாயும் சூடான வாயுவே விமானத்தைத் தள்ளட்டும் என்பதுதான் அந்த யோசனை.

ஜெட் இன்ஜின் எப்படி வேலை செய்கிறது?

பலூனை ஊதி, வாயைக் கட்டாமல் விட்டுவிட்டால் என்ன ஆகும்? காற்று பின்பக்கம் பீய்ச்சியடிக்க, பலூன் முன்பக்கம் பாயும். ஜெட் இன்ஜினின் அடிப்படையும் அதுதான். ஆனா பலூனில் காற்று தீர்ந்துபோகும். இன்ஜினுக்குத் தீராமல் காற்று வேண்டும்.

அதற்காக முன்பக்கத்தில் கம்ப்ரஸர் இருக்கிறது. அது வெளிக்காற்றை இழுத்து அழுத்தும். அழுத்தப்பட்ட காற்று எரிப்பு அறைக்குள் போகும். அங்கே எரிபொருள் தெளிக்கப்பட்டு இடைவிடாமல் எரியும். சூடாகி விரிந்த வாயு வெளியேறும் வழியில் டர்பைன் சக்கரத்தைச் சுழற்றும். டர்பைனும் கம்ப்ரஸரும் ஒரே தண்டில் இருப்பதால், டர்பைன் சுற்றினால் கம்ப்ரஸரும் சுற்றும். மிச்சமுள்ள வாயு பின்புறக் குழாய் வழியாகச் சீறிப் பாய, விமானம் முன்னோக்கித் தள்ளப்படும்.

பிஸ்டன் இன்ஜினில் இழுப்பது, அழுத்துவது, எரிப்பது, வெளியே தள்ளுவது எல்லாம் ஒரே சிலிண்டருக்குள் ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும். ஜெட் இன்ஜினில் நான்கும் வெவ்வேறு இடத்தில், ஒரே நேரத்தில், நிற்காமல் நடக்கும். சின்ன இயந்திரத்தில் பெரிய சக்தி வருவதன் ரகசியம் இதுதான்.

அரசு என்ன சொன்னது?

விட்டில் தன் யோசனையை விமான அமைச்சகத்திடம் கொண்டுபோனார். அதைப் பரிசீலித்தவர் ஏ.ஏ.கிரிஃபித். டர்பைன் கோட்பாட்டில் அவரே பெரிய ஆள். டர்பைனைக் கொண்டு இறக்கையைச் சுழற்றும் தனி வழியில் அவர் யோசித்துக்கொண்டிருந்தார். விட்டிலின் கணக்குகளில் பிழை இருப்பதாகவும், அனுமானங்கள் அளவுக்கு மீறிய நம்பிக்கையோடு இருப்பதாகவும் கருத்துச் சொன்னார். அவ்வளவுதான், கோப்பு மூடப்பட்டது.

அன்றைய நிலையில் அது முழுக்க அநியாயம் என்றும் சொல்லிவிட முடியாது. டர்பைன் பிளேடுகள் நெருப்பின் சூட்டில் சிவக்கச் சிவக்க, நிமிஷத்துக்குப் பல ஆயிரம் முறை சுற்ற வேண்டும். அதைத் தாங்கும் உலோகம் அப்போது கையில் இல்லை.

பேட்டன்ட் வேலை தெரிந்த சக அதிகாரி பேட் ஜான்சனின் உதவியோடு, 1930 ஜனவரி 16 அன்று விட்டில் பேட்டன்ட்டுக்கு விண்ணப்பித்தார். ராணுவ ரகசியமாக இதைக் காக்க வேண்டும் என்று அரசுக்குத் தோன்றவே இல்லை. உலகத்தில் யார் வேண்டுமானாலும் படித்துக்கொள்ளலாம் என்கிற நிலையில் அது அச்சாகி வெளிவந்தது.

1935 ஜனவரியில் பேட்டன்ட்டைப் புதுப்பிக்கும் தேதி வந்தது. கட்டணம் 5 பவுண்ட். விட்டில் அப்போது கேம்பிரிட்ஜில் படித்துக்கொண்டிருந்தார். வீட்டில் மனைவி, இரண்டு சின்னப் பிள்ளைகள். கையில் பணம் இல்லை. அமைச்சகமும் கட்ட மறுத்துவிட்டது. பேட்டன்ட் காலாவதியானது.

இன்ஜின் எப்படிப் பிறந்தது?

அதே வருஷம், கிரான்வெல்லில் கூடப் படித்த ரால்ஃப் டட்லி-வில்லியம்ஸ் தொடர்புகொண்டார். அவரும் டின்லிங் என்ற இன்னொரு முன்னாள் விமானப்படை வீரரும் சேர்ந்து முதலீட்டாளர்களைத் தேடிப் பிடித்தார்கள். 1936 மார்ச்சில் பவர் ஜெட்ஸ் என்ற கம்பெனி உருவானது. கைக்கு வந்த முதல் பணம் 2,000 பவுண்ட்தான். விட்டில் விமானப்படை அதிகாரி என்பதால், இந்த வேலைக்கு வாரத்துக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் செலவிடக் கூடாது என்று நிபந்தனை வேறு!

1937 ஏப்ரல் 12. ரக்பி நகரில் உள்ள பிரிட்டிஷ் தாம்சன்-ஹூஸ்டன் தொழிற்சாலையில் முதல் இன்ஜின் இயக்கப்பட்டது. வேகம் ஏறியது, ஏறிக்கொண்டே போனது. விட்டில் எரிபொருள் வால்வை மூடிய பிறகும் நிற்கவில்லை. அலறும் இயந்திரத்தைப் பார்த்துச் சுற்றியிருந்தவர்கள் ஓட்டம் பிடித்தார்கள். விட்டில் மட்டும் இடத்தை விட்டு நகரவில்லை. கசிந்த எரிபொருள் உள்ளே தேங்கியிருந்ததுதான் காரணம் என்று பிறகு தெரிந்தது. கட்டுக்கு அடங்கவில்லையே தவிர, இன்ஜின் ஓடியது.

அடுத்த வருஷம் வேலை லட்டர்வொர்த் என்ற சின்ன ஊரில், பயன்படுத்தாமல் கிடந்த வார்ப்படச் சாலைக்கு மாறியது. பணமில்லாததால் உடைந்த பாகங்களையே பழுது பார்த்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினார்கள். பெரிய தலைவலி எரிப்பு அறைதான். சூறாவளி வேகத்தில் வரும் காற்றில் சுடர் அணையாமல் எரிய வேண்டுமே? 1940-ல் ஷெல் நிறுவனத்தின் ஐசக் லபக் உருவாக்கிய எரிப்பு அறை வடிவம் அதற்கு விடை தந்தது.

1939 ஜூன் கடைசியில் அமைச்சகத்தின் அறிவியல் ஆராய்ச்சி இயக்குநர் டேவிட் பை நேரில் வந்து இன்ஜின் ஓடுவதைப் பார்த்தார். அதன் பிறகுதான் அரசுக்கு நம்பிக்கை வந்தது, பணமும் வந்தது.

ஜெர்மனி முந்திக்கொண்டதா?

ஆம். ஹான்ஸ் வான் ஒஹைன் என்ற இளம் இயற்பியலாளர் ஜெர்மனியில் தனியாக இதே வழியில் போய்க்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் ஹெய்ன்கெல் என்ற பெரிய விமான நிறுவனம் நின்றது. 1939 ஆகஸ்ட் 27 அன்று, போர் தொடங்க ஐந்து நாட்கள் இருந்தபோது, ஹெய்ன்கெல் 178 பறந்தது. உலகின் முதல் ஜெட் விமானம் அதுதான்.

விட்டிலின் இன்ஜின் பறக்க 1941 மே 15 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. குளோஸ்டர் இ.28/39 என்ற சின்ன விமானத்தை விமானி ஜெரி சேயர் 17 நிமிடங்கள் ஓட்டினார். இன்ஜினின் தள்ளுவிசை சுமார் 390 கிலோ. பறந்த இடம் எது தெரியுமா? உயரம் போதாது என்று திருப்பி அனுப்பப்பட்ட பையன் போராடிச் சேர்ந்த அதே கிரான்வெல்!

1944 ஜூலையில் குளோஸ்டர் மீட்டியர் பிரிட்டன் படையில் சேர்ந்து, ஜெர்மனி ஏவிய வி-1 பறக்கும் குண்டுகளைத் துரத்தியது. ஜெர்மனியின் மெஸ்ஸர்ஷ்மிட் 262 அதைவிட வேகமானது. ஆனால் நிக்கல் போன்ற உலோகங்கள் கிடைக்காததால், அதன் இன்ஜின்கள் சில பத்து மணி நேரம் தாங்குவதே பெரிய விஷயமாக இருந்தது. 1945 நவம்பரில் ஒரு மீட்டியர் மணிக்கு 606 மைல் வேகத்தில் உலக சாதனை படைத்தது. மாணவர் விட்டில் கட்டுரையில் எழுதிய 500 மைல், 17 வருஷத்தில் பழைய கதையாகிவிட்டது.

கம்பெனி என்ன ஆனது?

இங்கேதான் கதை கசக்கிறது. இன்ஜினைப் பெருமளவில் தயாரிக்கும் பொறுப்பை அரசு ரோவர் நிறுவனத்திடம் கொடுத்தது. விட்டிலுக்கும் அவர்களுக்கும் ஒத்துப்போகவில்லை, மாதங்கள் வீணாயின. பிறகு அந்த வேலை ரோல்ஸ்-ராய்ஸ் கைக்கு மாறிய பின்பே வேகம் பிடித்தது.

மக்கள் பணத்தில் வளர்ந்த தொழில்நுட்பத்தில் தனியார் லாபம் பார்க்கக் கூடாது என்பது விட்டிலின் எண்ணம். ஜெட் இன்ஜின் தொழில் முழுவதையும் நாட்டுடைமை ஆக்குங்கள் என்று அவரே அரசிடம் யோசனை சொன்னார். அரசு 1944-ல் அதைச் செய்தது, ஆனால் பாதி மட்டும். நாட்டுடைமை ஆனது அவருடைய பவர் ஜெட்ஸ் ஒன்றுதான். பெரிய கம்பெனிகளை யாரும் தொடவில்லை. தன் பங்குகளை முன்வந்து ஒப்படைத்த விட்டிலுக்குக் கிடைத்தது 10,000 பவுண்ட். இனி இன்ஜின்களை வடிவமைக்கும் வேலை பவர் ஜெட்ஸுக்கு இல்லை என்று ஆனதும், 1946 ஜனவரியில் ராஜினாமா செய்தார். முக்கியப் பொறியாளர்கள் பலரும் அவரோடு வெளியேறினார்கள்.

உடம்பும் மனசும் ஏற்கெனவே தளர்ந்திருந்தன. விழித்திருக்க மாத்திரை, தூங்க மாத்திரை, ஓயாத சிகரெட் என்றுதான் போர்க்காலத்தைக் கடந்திருந்தார். நரம்புத் தளர்ச்சியால் பலமுறை மருத்துவமனையில் இருந்தார். 1948-ல் உடல்நிலை காரணமாக ஏர் கமடோர் பதவியோடு ஓய்வுபெற்றார். அதே வருஷம் சர் பட்டமும், கண்டுபிடிப்பாளர்களுக்கான ஆணையத்தின் பரிந்துரையில் வரியில்லாமல் 1 லட்சம் பவுண்டும் வந்தன.

அவர் விட்டுச் சென்றது என்ன?

1941 அக்டோபரில் விட்டிலின் இன்ஜின் ஒன்று அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டது. அதை வைத்து ஜெனரல் எலெக்ட்ரிக் உருவாக்கிய இன்ஜினோடு, சரியாக ஒரு வருஷத்தில் அமெரிக்காவின் முதல் ஜெட் பறந்தது. இன்று இந்தியாவின் தேஜஸ் போர் விமானத்தில் இருக்கும் எஃப்404 இன்ஜினும் அதே ஜெனரல் எலெக்ட்ரிக்கின் தயாரிப்புதான். அதன் தள்ளுவிசை, விட்டிலின் முதல் பறக்கும் இன்ஜினைப் போல் இருபது மடங்குக்கும் மேல். தேஜஸுக்காக 1989-ல் அனுமதிக்கப்பட்ட உள்நாட்டு காவேரி இன்ஜின் அந்த விமானத்தில் ஏற முடியாமல் போனதையும் சேர்த்துப் பார்த்தால், விட்டில் எவ்வளவு கடினமான வேலையில் கை வைத்தார் என்பது புரியும்.

இன்னொரு கிளை ரஷ்யாவுக்குப் போனது. விட்டிலின் வழியில் ரோல்ஸ்-ராய்ஸ் உருவாக்கிய நீன் இன்ஜினை 1946-ல் சோவியத் யூனியனுக்கு விற்க பிரிட்டன் அரசு சம்மதித்தது. அதன் நகல்தான் கொரியப் போரில் மேற்கு நாடுகளை மிரட்டிய மிக்-15க்கு உயிர் கொடுத்தது. பேட்டன்ட்டைப் பூட்டி வைக்காத அரசு, இன்ஜினையும் பூட்டி வைக்கவில்லை.

1976-ல் விட்டில் அமெரிக்காவில் குடியேறினார். போட்டியாளராக இருந்த ஒஹைனும் அங்கேதான் இருந்தார். இருவரும் நண்பர்களானார்கள். 1991-ல் பொறியியலின் உயர்ந்த விருதுகளில் ஒன்றான டிரேப்பர் பரிசு இருவருக்கும் சேர்த்தே வழங்கப்பட்டது.

1996 ஆகஸ்ட் 9 அன்று மேரிலாந்தில், 89 வயதில் விட்டில் காலமானார். அஸ்தி இங்கிலாந்துக்குக் கொண்டுவரப்பட்டு கிரான்வெல் தேவாலயத்தில் வைக்கப்பட்டது. மூன்று முறை முயன்று அவர் உள்ளே நுழைந்த அதே கிரான்வெல்.