வேலூர் மைல்கல் முதல் ‘தமிழ்நாடு’ போர்டு வரை: அண்ணாவின் பெயர்ப்பலகை அரசியல்

2017 மார்ச் மாதக் கடைசி. சித்தூரில் இருந்து வேலூர் வரும் நெடுஞ்சாலையிலும், கிருஷ்ணகிரியில் இருந்து திருவண்ணாமலை வழியாகத் திண்டிவனம் போகும் நெடுஞ்சாலையிலும் மைல்கற்களில் எழுத்து மாறியது. அதுவரை ஆங்கிலத்தில் இருந்த ஊர்ப் பெயர்கள் பல கற்களில் இந்திக்கு மாறியிருந்தன. தி.மு.க., ம.தி.மு.க., பா.ம.க. என வரிசையாகக் கண்டனங்கள் வந்தன. சில நாட்களுக்கு அதுதான் தமிழ்நாட்டின் பெரிய செய்தி.

ஒரு கல்லில் பெயின்ட் மாறியதற்கு ஏன் இவ்வளவு கோபம்? இது புரிய வேண்டும் என்றால் அதற்கு 48 வருடங்களுக்கு முன்பே இறந்துபோன ஒருவரின் வாழ்க்கையைப் பார்க்க வேண்டும். அவர் சி.என்.அண்ணாதுரை. அவருடைய அரசியல் வாழ்க்கையின் முக்கியமான திருப்பங்களில் எல்லாம் எங்கேயாவது ஒரு பெயர்ப்பலகை வந்துவிடுகிறது.

காஞ்சிபுரத்துப் பையன்

1909 செப்டம்பர் 15-ல் காஞ்சிபுரத்தில் ஒரு நெசவாளர் குடும்பத்தில் பிறந்தார் அண்ணா. சென்னையில் இருந்து வேலூர் போகிறவர்கள் பைபாஸில் தாண்டிப் போகும் அதே ஊர்தான். அவரை வளர்த்தது சித்தி ராஜாமணி. பணக் கஷ்டத்தால் படிப்பை நிறுத்திவிட்டு கொஞ்ச காலம் நகராட்சி அலுவலகத்தில் எழுத்தராக இருந்தார். பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து பொருளாதாரமும் அரசியலும் படித்தார்.

தமிழைப் போலவே ஆங்கிலத்திலும் சரளமாகப் பேசக்கூடியவர். இது முக்கியம். அண்ணாவின் மொழி அரசியலை ‘தமிழ் மட்டும்’ என்று சுருக்கிவிட முடியாது. வீட்டுக்குள் தமிழ், வெளி உலகத்துக்கு ஆங்கிலம் என்பதுதான் கடைசி வரை அவருடைய நிலைப்பாடு.

1934-ல் பெரியாரைச் சந்தித்தார். 1938-ல் ராஜாஜி அரசு பள்ளிகளில் இந்தியைக் கட்டாயப் பாடமாக்கியபோது எதிர்த்துப் பேசி 4 மாதம் சிறைக்குப் போனார். 1942-ல் ‘திராவிட நாடு’ வார இதழைத் தொடங்கினார். பெரியாரோடு கருத்து வேறுபாடு முற்றி 1949 செப்டம்பர் 17-ல் தி.மு.க.வைத் தொடங்கினார்.

தார் டப்பாவும் கல்லக்குடியும்

1950-களில் மொழிச் சண்டை பாடப் புத்தகத்தில் இருந்து பொது இடத்துக்கு வந்தது. 1952 ஆகஸ்ட் 1-ல் ரயில் நிலையப் பெயர்ப்பலகைகளில் இருக்கும் இந்தி எழுத்துகளைத் தார் பூசி அழிக்கும் போராட்டம் நடந்தது. பெரியாரின் திராவிடர் கழகமும் அண்ணாவின் தி.மு.க.வும் பிரிந்த பிறகும் இந்த விஷயத்தில் ஒரே பக்கம் நின்றன.

அடுத்த வருடம், 1953 ஜூலையில், தி.மு.க. மும்முனைப் போராட்டம் அறிவித்தது. அதில் ஒரு முனை முழுக்க முழுக்க ஒரு போர்டு பற்றியது. திருச்சி மாவட்டத்தில் கல்லக்குடி என்ற ஊரில் டால்மியா குழுமம் சிமென்ட் ஆலை கட்டியது. அதன் பிறகு ரயில் நிலையத்தின் பெயர் டால்மியாபுரம் ஆகிவிட்டது. இளைஞராக இருந்த மு.கருணாநிதி தலைமையில் போனவர்கள் அந்தப் பலகை மேல் கல்லக்குடி என்று எழுதிய தாளை ஒட்டிவிட்டு தண்டவாளத்தில் படுத்தார்கள். துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. போராட்டத்தை அறிவித்ததற்காக அண்ணாவும் மற்ற தலைவர்களும் தண்டிக்கப்பட்டார்கள்.

சாதாரண பயணிக்கு அது இறங்க வேண்டிய ஸ்டேஷன் எது என்று சொல்லும் ஒரு தகடு. அண்ணாவின் கட்சிக்கு, ஒரு ஊருக்குப் பெயர் வைக்கும் உரிமை அந்த ஊர்க்காரர்களுக்கா, ஆலை முதலாளிக்கா என்ற கேள்வி.

வேலூர் சிறை, 1962

1962 தேர்தலில் தி.மு.க. 50 இடங்களில் ஜெயித்தது. ஆனால் அண்ணா சொந்த ஊரான காஞ்சிபுரத்திலேயே தோற்றார். அவரைத் தோற்கடித்த காங்கிரஸ் வேட்பாளர் நடேச முதலியார் பஸ் கம்பெனி முதலாளி. பிறகு அண்ணா ராஜ்யசபாவுக்குப் போனார். தனது முதல் பேச்சிலேயே தனித் திராவிட நாடு கேட்டார்.

அதே ஆண்டு ஜூலையில் விலைவாசி உயர்வைக் கண்டித்து மாநிலம் முழுவதும் மறியல். அண்ணா மறியல் செய்யத் தேர்ந்தெடுத்த இடம் வேலூர். அங்கேயே கைதாகி வேலூர் மத்திய சிறையில் அடைக்கப்பட்டார்.

வேலூர் அப்போது வட ஆற்காடு மாவட்டத்தின் தலைநகரம். ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றை ஒட்டிய தோல் தொழில் ஊர்கள் எல்லாம் அந்த ஒரே மாவட்டத்துக்குள் இருந்தன. சித்தூர் பக்கம் ஆந்திரா, கிருஷ்ணகிரியைத் தாண்டினால் மைசூர் மாநிலம். தமிழ், உருது, தெலுங்கு மூன்றும் ஒரே கடைவீதியில் கேட்கும் பகுதி.

அக்டோபரில் சீனப் போர் வெடித்தது. தனி நாடு கோரிக்கையை அண்ணா ஒத்திவைத்தார். 1963-ல் பிரிவினைக் கோரிக்கைக்குத் தடை போடும் அரசியல் சட்டத் திருத்தம் வந்ததும் தி.மு.க. அதை முழுசாகக் கைவிட்டது. அதற்குப் பிறகு அவர் கேட்டது மாநில சுயாட்சி. அதாவது, இந்தியாவுக்குள்ளேயே மாநிலத்துக்கு அதிக அதிகாரம். மைல்கல் சண்டையின் வேர் இங்கேதான் இருக்கிறது.

டெல்லியில் ஒரு பெயருக்காக

1956-ல் மொழிவாரி மாநிலங்கள் வந்த பிறகும் நம் மாநிலத்தின் பெயர் மெட்ராஸ்தான். பெயர் மாற்றம் உள்ளிட்ட கோரிக்கைகளுக்காக விருதுநகர் தியாகி சங்கரலிங்கனார் 76 நாள் உண்ணாவிரதம் இருந்து 1956 அக்டோபர் 13-ல் இறந்தார். அதற்குப் பிறகும் பெயர் மாறவில்லை.

1963-ல் மேற்கு வங்கக் கம்யூனிஸ்ட் உறுப்பினர் பூபேஷ் குப்தா கொண்டுவந்த பெயர் மாற்ற மசோதா ராஜ்யசபாவில் விவாதத்துக்கு வந்தது. அண்ணா ஆதரித்துப் பேசினார். பெயரை மாற்றி என்ன கிடைக்கப் போகிறது என்று கேட்டவர்களுக்கு, நாடாளுமன்ற அவைகளுக்கு லோக்சபா, ராஜ்யசபா என்று பெயர் வைத்து என்ன கிடைத்ததோ அதுதான் என்ற பொருளில் பதில் சொன்னார். மசோதா தோற்றது.

1965 ஜனவரி 26-ல் இந்தி ஆட்சிமொழி ஆகும் கெடு நெருங்கியபோது மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். தீக்குளிப்பிலும் துப்பாக்கிச் சூட்டிலும் பல உயிர்கள் போயின. அண்ணாவும் கைதானார். இரண்டு வருடம் கழித்து நடந்த தேர்தலில் காங்கிரஸ் ஆட்சியை இழந்தது. 1967 மார்ச் 6-ல் அண்ணா முதலமைச்சர் ஆனார்.

கோட்டையில் மாறிய போர்டு

பதவியேற்று 6 வாரம்கூட ஆகவில்லை. ஏப்ரல் 14-ல் புனித ஜார்ஜ் கோட்டையில் ‘தமிழக அரசு – தலைமைச் செயலகம்’ என்ற புதுப் பெயர்ப்பலகையை அண்ணா திறந்துவைத்தார். அரசின் சின்னத்தில் ‘வாய்மையே வெல்லும்’ வந்தது. ஸ்ரீ, ஸ்ரீமதி போய் திரு, திருமதி வந்தன.

ஜூலை 18-ல் மாநிலத்தின் பெயரைத் தமிழ்நாடு என்று மாற்றக் கோரும் தீர்மானம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. 1968 ஜனவரி 23-ல் இருமொழிக் கொள்கைத் தீர்மானம். பள்ளிகளில் இனி தமிழும் ஆங்கிலமும் மட்டும்.

இன்னொரு விஷயம் கவனிக்க வேண்டும். டால்மியாபுரம் பலகையில் தாள் ஒட்டிய கருணாநிதிதான் அண்ணா அமைச்சரவையில் பொதுப்பணித் துறை அமைச்சர். தனியார் பஸ் ரூட்டுகளை அரசுடைமை ஆக்கும் வேலை அந்தக் காலத்தில்தான் வேகம் பிடித்தது. ஒரு காலத்தில் போர்டை எதிர்த்துச் சிறைக்குப் போனவர்கள், இப்போது போர்டு வைக்கும் இடத்துக்கு வந்துவிட்டார்கள்.

ஆனால் அண்ணாவுக்கு நேரம் இல்லை. உணவுக்குழாயில் புற்றுநோய். 1968 செப்டம்பரில் நியூயார்க்கில் அறுவை சிகிச்சை. திரும்பி வந்து, உடல் தளர்ந்த நிலையிலும் டிசம்பர் 1-ல் நடந்த பெயர் மாற்ற விழாவில் கலந்துகொண்டார். 1969 ஜனவரி 14-ல் மெட்ராஸ் மாநிலம் சட்டப்படி தமிழ்நாடு ஆனது. பிப்ரவரி 3-ல் அண்ணா இறந்தார். தான் பெயர் வைத்த மாநிலத்தில் அவர் வாழ்ந்தது மூன்று வாரம்தான்.

சரி, சாலை யாருடையது?

மாநிலத்துக்குப் பெயர் கிடைத்துவிட்டது. அப்புறம் எப்படி 2017-ல் வேலூர் மைல்கல்லில் இந்தி வந்தது?

விடை அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் இருக்கிறது. தேசிய நெடுஞ்சாலை என்று அறிவிக்கப்பட்ட சாலைகள் மத்தியப் பட்டியலில் வருகின்றன. மற்ற சாலைகள் மாநிலப் பட்டியலில். இந்தப் பிரிவினைக்கு அடிப்படை, 1943-ல் நாக்பூரில் கூடிய தலைமைப் பொறியாளர்கள் போட்ட திட்டம். தேசிய நெடுஞ்சாலை, மாநில நெடுஞ்சாலை, மாவட்டச் சாலை, கிராமச் சாலை என்று அவர்கள்தான் வகை பிரித்தார்கள்.

ரோட்டில் போகும்போதே இதைக் கண்டுபிடிக்கலாம். கல்லின் தலையில் மஞ்சள் இருந்தால் தேசிய நெடுஞ்சாலை. பச்சை இருந்தால் மாநில நெடுஞ்சாலை. ஆம்பூரில் ஷூ கம்பெனிக்குப் போகும் ஒரு தொழிலாளி கிராமத்தில் இருந்து டவுனுக்கு வருவது உள்ளாட்சி அல்லது மாநிலச் சாலையில். அவர் தைத்த ஷூ கன்டெய்னர் ஏறி, பள்ளிகொண்டா டோல்கேட்டைத் தாண்டி சென்னைத் துறைமுகம் போவது தேசிய நெடுஞ்சாலையில். முதல் சாலையின் போர்டு பற்றி முடிவெடுப்பது தமிழ்நாடு. இரண்டாவதைப் பற்றி முடிவெடுப்பது டெல்லி.

எந்தச் சாலை அகலமாக வேண்டும், பைபாஸ் எந்தப் பக்கம் போக வேண்டும், டோல்கேட் எங்கே வர வேண்டும் என்பதற்கும் இதே கணக்குதான். அண்ணா கேட்ட மாநில சுயாட்சி இந்த இடத்தில்தான் நடைமுறைக் கேள்வியாகிறது. அவர் இறந்த அதே 1969-ல் கருணாநிதி அரசு மத்திய–மாநில உறவை ஆராய ராஜமன்னார் குழுவை அமைத்ததற்கும் இதுதான் பின்னணி.

படிக்கப் போவது யார்?

இந்தப் பக்கம் ஒரு நியாயமான கேள்வி உண்டு. வட மாநில லாரி டிரைவர்களும் இதே ரோட்டில் வருகிறார்கள். அவர்களுக்கு இந்தி இருந்தால் என்ன தப்பு? கூடுதலாக ஒரு மொழி சேர்ப்பது வேறு. ஏற்கெனவே இருந்த மொழியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இன்னொன்றை வைப்பது வேறு. 2017-ல் நடந்தது இரண்டாவது. ஆந்திரா, கர்நாடகாவில் இருந்து வரும் டிரைவருக்கும், சி.எம்.சி. மருத்துவமனைக்கு வரும் வெளிநாட்டு நோயாளியின் குடும்பத்துக்கும் பொதுவாக இருந்த ஆங்கிலம்தான் அந்தக் கற்களில் அழிந்தது. உள்ளூருக்குத் தமிழ், வெளியில் இருந்து வருபவருக்கு ஆங்கிலம் என்ற அண்ணாவின் கணக்கு நேராக அடிபட்டது அங்கேதான்.

அதற்காக மாநில அரசு வைக்கும் போர்டு எல்லாம் சரி என்று ஆகிவிடாது. 2020 ஜூனில் 1,018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றும் அரசாணை வெளியே வந்தது. நோக்கம் நல்லது. ஆனால் அதில் வேலூர், ‘வீலூர்’ என்று படிக்கும்படி ஆகிவிட்டது. கிண்டல் தாங்காமல் சில நாட்களிலேயே அரசாணையைத் திரும்பப் பெற்றார்கள். ஊர்க்காரர்களைக் கேட்காமல் டெல்லி மாற்றினாலும் சென்னை மாற்றினாலும் குழப்பம் ஒன்றுதான்.

அதற்கு முந்தைய ஆண்டு, 2019 நவம்பரில், வேலூர் மாவட்டமே மூன்றாகப் பிரிந்தது. ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போயின. ராணிப்பேட்டை தனி மாவட்டம் ஆனது. ஒரே தோல் தொழில், ஒரே பாலாறு, ஒரே ஹைவே. ஆனால் இப்போது மூன்று கலெக்டர் அலுவலகம், மூன்று வரவேற்புப் பலகை.

அண்ணா முதலமைச்சராக இருந்தது 23 மாதத்துக்கும் கொஞ்சம் குறைவு. அந்தக் காலத்தில் பெரிய சாலைத் திட்டம் எதற்கும் அவர் பெயர் ஒட்டிக்கொள்ளவில்லை. ஆனால் வேலூர் கோட்டையை ஒட்டிப் போகும் பிரதான சாலைக்கு இன்று அண்ணா சாலை என்று பெயர். அதில் ஓடும் உள்ளூர் வண்டிகளின் நம்பர் பிளேட்டில் டி.என். 23 என்று இருக்கும். அந்த டி.என். என்ற இரண்டு எழுத்துக்குப் பின்னால் இருப்பது 1969 ஜனவரி 14. நெடுஞ்சாலையில் நிற்கும் மஞ்சள் கல்லில் எந்த மொழி இருக்க வேண்டும் என்பதை மட்டும் இன்னும் டெல்லிதான் முடிவு செய்கிறது.