நியாயாதிபதி முத்துசாமி ஐயர்

பட்டாசுத் தொழிற்சாலைக்கு லைசென்ஸ் கொடுப்பதும், அதை நிறுத்தி வைப்பதும் நிர்வாக அதிகாரிகளின் காரியம். ஒருவனைக் குற்றவாளியென்று தீர்ப்பது நியாயஸ்தலத்தின் காரியம். சிவகாசி, சாத்தூர், விருதுநகர்ப் பக்கத்து நேயர்களுக்கு இவ்வித்தியாசம் நன்கு தெரிந்ததே. ஆனால் பிரிட்டிஷ் ஆட்சியில் இவ்விரண்டும் ஒரே கைப்பட்டிருந்தன. கிஸ்தி வசூலித்த தாசில்தாரே மாஜிஸ்ட்ரேட்டாகவும் இருந்தார். போலீஸாருக்கு மேலதிகாரியாயிருந்த கலெக்டரே ஜில்லா மாஜிஸ்ட்ரேட்டுமாவார். கீழ் மாஜிஸ்ட்ரேட்டு விதித்த தண்டனையின் மீது அப்பீலுக்குப் போனால், அங்கும் அக்கலெக்டரே வீற்றிருப்பார். தம் சம்பள உயர்வு யார் கையிலிருக்கிறதோ அவருடைய போலீஸார் கொண்டுவரும் வழக்கை ஒரு தாசில்தார் எந்த மனத்தோடு விசாரிப்பார் என்பதை நாம் விவரிக்க வேண்டியதில்லை.

இத்தகைய ஏற்பாட்டிற்குள்ளேயே வளர்ந்து, அதன் இரு பக்கங்களிலும் உத்தியோகம் பார்த்து, கடைசியில் அதற்கு மேலே நின்றவர் ஸர் டி. முத்துசாமி ஐயர். தஞ்சை ஜில்லாவில் உச்சுவாடி என்னும் கிராமத்தில் 1832 ஜனவரி 28-ந் தேதி பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தார். கிராமக் கணக்கரிடம் மாதம் ஒரு ரூபாய்ச் சம்பளத்தில் அமர்ந்து பிழைக்க வேண்டியதாயிற்று. ஆற்றங்கரை உடைப்பொன்றைப் பற்றித் திருவாரூர்த் தாசில்தார் முத்துசாமி நாயக்கர் விசாரித்தபோது, சிறுவன் தானே சென்று பார்த்து வந்து அளவு பிசகாமல் விவரம் சொன்னானென்றும், அதனால் மகிழ்ந்த நாயக்கர் அவனைப் படிக்க வைத்தாரென்றும் சொல்வார்கள். தெருவிளக்கில் படித்த கதையை விட இதுவே நமக்குப் பொருத்தமாகப் படுகிறது. பிற்காலத்து நியாயாதிபதி இதில் முழுவதும் தெரிகிறார். சென்னையில் பவல் துரையிடம் கற்றார். 1854-ல் ஆங்கில வியாசத்திற்கு ஐந்நூறு ரூபாய்ப் பரிசும் பெற்றார்.

பிறகு அவர் பார்த்த உத்தியோகங்களைக் கவனிக்க வேண்டும். 1856-ல் தரங்கம்பாடியில் முனிசீப். 1859-ல் டிப்டி கலெக்டரும் மாஜிஸ்ட்ரேட்டும். 1865-ல் தென் கன்னடத்தில் சப் ஜட்ஜ். 1868-ல் சென்னைப் போலீஸ் மாஜிஸ்ட்ரேட்டு. ஒரு கை வரி வாங்க, மறு கை தண்டனை விதித்த ஆறு ஆண்டுகளை அவர் நேரில் அறிந்தவர். அதிலிருந்து மீண்டு சிவில் நியாயஸ்தலத்திற்கு வந்த பின்னரே அவருடைய பெயர் ஓங்கியது.

போலீஸ் மாஜிஸ்ட்ரேட்டாயிருந்தபோது நடந்த ஒரு விஷயம் இன்றும் வக்கீல்களிடையே பேசப்படுகிறது. தம் வீட்டு எல்லைக்குள் வந்த ஓர் இந்தியனை ஹைக்கோர்ட்டின் ஐரோப்பிய நீதிபதி ஒருவர் அடித்துவிட்டார். அவர் நேரில் வரத் தேவையில்லை என்று மேலிடத்தார் யோசனை கூறியும் முத்துசாமி ஐயர் இணங்கவில்லையென்றும், நீதிபதி கோர்ட்டுக்கு வந்து மூன்று ரூபாய் அபராதம் செலுத்தினாரென்றும் சொல்லப்படுகிறது. அபராதம் அற்பமே, நேரில் வந்து நின்றதுதான் பெரிது. அப்போது ஒரு மாஜிஸ்ட்ரேட்டின் வேலை முழுவதும் சர்க்காரின் தயவில் இருந்தது என்பதை இங்கே மறக்கலாகாது.

இங்கிலாந்தில் 1616-ல் ஜேம்ஸ் மன்னர் பிரதம நியாயாதிபதி கோக்கைத் தம் இஷ்டத்திற்கு இணங்காததற்காக வேலையிலிருந்து நீக்கினார். அதன் பிறகு நெடுங்காலம் போராடி, 1701-ம் வருஷச் சட்டத்தால், நன்னடத்தையுள்ள வரையில் நீதிபதியை அரசர் தொடக்கூடாதென்றும், பார்லிமெண்டின் இரு சபைகளும் கேட்டாலன்றி விலக்கலாகாதென்றும் ஆங்கிலேயர் வகுத்துக்கொண்டனர். அதே பார்லிமெண்டு 1861-ல் இந்திய ஹைக்கோர்ட்டுகளை ஏற்படுத்தியபோது, நீதிபதிகள் மகாராணியின் இஷ்டமுள்ள வரையிலே பதவி வகிப்பர் என்று எழுதிற்று! தமக்கு 160 வருஷங்களுக்கு முன்பே ஆகாதென்று தள்ளியதை நமக்கு விதித்தனர். அவர்கள் வீடும் முற்றும் சுத்தமன்று: லார்ட் சான்ஸலர் ஒருவரே மந்திரியாகவும், பிரபுக்கள் சபைத் தலைவராகவும், நீதித்துறைத் தலைவராகவும் இருந்துவந்த விநோதம் 2005-ம் வருஷச் சட்டம் வரும்வரை நீங்கவில்லை.

சென்னை ஹைக்கோர்ட்டில் அமர்ந்த முதல் இந்தியர் முத்துசாமி ஐயர். அந்நியமனத்தைச் சென்னையிலிருந்த ஆங்கிலேயப் பத்திரிகைகள் தாக்கின. அதற்குப் பதில் சொல்ல இந்தியர் கையில் ஒரு பத்திரிகையில்லையே என்று வெட்கி, ஜி. சுப்பிரமணிய ஐயர், வீரராகவாசாரியார் முதலிய ஆறு இளைஞர்கள் கடன் வாங்கி 1878 செப்டம்பர் 20-ந் தேதி எண்பது பிரதிகளில் தொடங்கியதே ‘ஹிந்து’.

பதினைந்து வருஷங்களுக்கு மேல் அவர் அப்பீல்களைக் கேட்டார். பிரதம நியாயாதிபதியாக 1893-ல் தற்காலிகமாக அமர்ந்தாரேயன்றி, நிரந்தரமாக அமரவில்லை. திறமைக் குறைவு காரணமன்று. பாரிஸ்டரே அப்பதவிக்குரியவர் என்று 1861-ம் வருஷச் சட்டத்தில் கண்டிருந்தது.

அவர் பொதுமேடையில் முழங்கவில்லை. 1886-ல் கல்கத்தாவில் காங்கிரஸ் நிர்வாகத்தையும் நீதியையும் பிரிக்க வேண்டுமென்று தீர்மானித்தது. மறு டிசம்பரில் சென்னையிலேயே பத்ருத்தீன் தயாப்ஜி தலைமையில் கூடிற்று. நீதிபதி அங்கே போக இயலாது. இதை அவருடைய கோழைத்தனம் என்போர் சிலர். நாம் அவ்வாறு எண்ணவில்லை. எக்கட்சிக்கும் உரியவரல்லாத நீதிபதியை வேண்டிக் கிளர்ச்சி செய்தவர்கள், அவரைத் தம் மேடைக்கு அழைத்திருந்தால் தம் வழக்கைத் தாமே கெடுத்திருப்பார்கள்.

அவர் 1895 ஜனவரி 25-ந் தேதி காலமானார். காங்கிரஸ் கேட்ட பிரிவினை அரசியல் சட்டத்தின் 50-வது பிரிவாக 1950-ல் இடம்பெற்றது. தேசத்தின் பொது விதியாக 1974 ஏப்ரல் முதல் தேதிதான் நடைமுறைக்கு வந்தது. ஆனால் நன்னடத்தைப் பிணை வாங்கும் அதிகாரம் பின்னர் நிர்வாக மாஜிஸ்ட்ரேட்டுகளிடம் போயிற்று. தமிழ்நாட்டில் அவ்வதிகாரத்தைப் போலீஸ் டிப்டி கமிஷனர்களுக்கே சர்க்கார் கொடுத்திருந்தது. அதாவது, பிடிப்பவரே பிணை கேட்டு, பிணை மீறியவரைச் சிறைக்கும் அனுப்பலாம். 2023 மார்ச்சில், முத்துசாமி ஐயரின் பளிங்குச் சிலை இருக்கும் அதே ஹைக்கோர்ட்டு, அவ்வுத்தரவுகள் அதிகாரப் பிரிவினைக்கு விரோதமென்று ரத்து செய்தது.