கரிஞ்சாவின் முழங்கால்... தெரிந்தே ஆடிய சூதாட்டம்!

நீங்கள் ஒரு கால்பந்து கிளப்பை நடத்துகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ட்ரயலுக்கு 19 வயசுப் பையன் ஒருவன் வந்து நிற்கிறான். வலது கால் உள்பக்கமாக வளைந்திருக்கிறது; இடது கால் வெளிப்பக்கமாக. பார்த்தால், ஒரே பக்கமாகக் காற்றடித்துச் சாய்ந்த இரண்டு தென்னை மரங்கள் மாதிரி. முதுகெலும்பும் நேராக இல்லை. ஒரு கால் இன்னொன்றைவிடக் குட்டை வேறு. ஆடச் சொல்வீர்களா, இல்லை, பஸ்ஸுக்குக் காசு கொடுத்து ஊருக்கு அனுப்பிவிடுவீர்களா?

1953-ல் ரியோ டி ஜெனிரோவின் பொட்டாஃபோகோ கிளப் ஆடச் சொன்னது. அந்த ட்ரயலில் பையனுக்கு எதிரே நின்றவர் நில்டன் சாண்டோஸ். பிரேசிலின் தேசிய அணியில் தடுப்பு ஆட்டக்காரர், சாதாரண ஆள் இல்லை. அவருடைய இரண்டு கால்களுக்கும் நடுவிலேயே பந்தைத் தட்டிவிட்டுப் போய்விட்டான் பையன். அவமானப்பட்ட நில்டன் கோபித்துக்கொள்ளவில்லை. இவனை உடனே எடுத்துவிடுங்கள், எதிர் டீமில் இவனைச் சந்திக்க எனக்கு இஷ்டமில்லை என்கிற பாணியில் கிளப்பிடம் சிபாரிசு செய்தார் என்பது பிரேசிலில் பாட்டிகளுக்கும் தெரிந்த கதை.

அந்தப் பையன்தான் கரிஞ்சா. அதே மனுஷனை 13 வருஷம் கழித்து, முழங்கால் தேய்ந்துபோன பிறகு, இன்னொரு கிளப் கோடிகள் கொட்டி வாங்கியது. முதல் முடிவு பிரேசிலுக்கு இரண்டு உலகக் கோப்பைகளைக் கொண்டுவந்தது. இரண்டாவது முடிவு என்ன செய்தது என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

இயற்பெயர் மனுவேல் பிரான்சிஸ்கோ டாஸ் சாண்டோஸ். 1933 அக்டோபர் 28-ல், ரியோவுக்குப் பக்கத்தில் பாவ் கிராண்டி என்கிற மில் ஊரில் பிறந்தார். அங்கே துணி ஆலைதான் எல்லாமே. வேலை அதில், வீடு அதனுடையது, மைதானமும் அதனுடையது. சிறுவயதில் உடம்பு ரொம்பச் சின்னதாக இருந்ததால், கரிஞ்சா என்ற குட்டிக் குருவியின் பெயரை அக்கா வைத்தார். அதுவே நிலைத்துவிட்டது. 14 வயசில் மில்லுக்கு வேலைக்குப் போனார். வேலையில் ரொம்ப மோசம். ஆனால் மில் டீமுக்கு ஆள் வேண்டுமே, அதனால் சகித்துக்கொண்டார்கள்!

அவருடைய ஆட்டத்தில் ஒரு விநோதம் உண்டு. அவர் என்ன செய்யப்போகிறார் என்பது எதிராளிக்கு நன்றாகத் தெரியும். இடப்பக்கம் போவதுபோல உடம்பைச் சாய்ப்பார்; பிறகு வலப்பக்கம் பாய்வார். அவ்வளவுதான். தினமும் அதேதான். ஆனாலும் யாராலும் பிடிக்க முடியவில்லை. சாதாரணக் காலைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, அந்த வளைந்த கால் எந்தத் திசையில் எடை போடுகிறது என்பது கடைசி நொடிவரை பிடிபடாது. குறை என்று டாக்டர்கள் சொன்னதுதான் ஆயுதமானது.

ஆனால் ஒரு விஷயம் யோசித்துப் பாருங்கள். நின்ற இடத்திலிருந்து வெடித்துக் கிளம்புவது, திடீரென்று நிற்பது, மறுபடி திரும்புவது... இந்த முறுக்கலை எல்லாம் வாங்குவது முழங்கால். நேரான காலுக்கே அது பெரிய சுமை. வளைந்த காலில் எடை மூட்டின் ஒரு பக்கமாக இறங்கும். ஒரு பக்கம் மட்டும் தேயும் செருப்பைப் பார்த்திருப்பீர்களே, அதுபோலத்தான்.

1958 உலகக் கோப்பைக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஸ்வீடனில் முதல் இரண்டு மேட்ச்களில் அவரை உட்காரவைத்தார்கள். மூன்றாவது மேட்ச்சில், சோவியத் யூனியனுக்கு எதிராக, கரிஞ்சாவும் 17 வயசு பீலேவும் சேர்ந்து களமிறங்கினார்கள். ஆட்டம் தொடங்கிய முதல் நிமிடத்திலேயே கரிஞ்சா அடித்த பந்து கோல் கம்பத்தில் பட்டுத் திரும்பியது. அதற்குப் பிறகு அவரை யாரும் உட்காரவைக்கவில்லை. இறுதிப்போட்டியில் ஸ்வீடனை 5-2 என்று வென்றார்கள். அதிலிருந்து, இந்த இருவரும் சேர்ந்து ஆடிய எந்த மேட்ச்சிலும் பிரேசில் தோற்றதே கிடையாது.

1962-ல் சிலியில் நடந்ததுதான் அவருடைய உச்சம். இரண்டாவது மேட்ச்சிலேயே பீலேவுக்குக் காயம். முழு பாரமும் கரிஞ்சா தலையில். காலிறுதியில் இங்கிலாந்துக்கு எதிராக 2 கோல், அரையிறுதியில் சிலிக்கு எதிராக 2 கோல். இறுதிப்போட்டியில் காய்ச்சலோடு ஆடினார். கோப்பை மறுபடி பிரேசிலுக்கு. அப்போது அவருக்கு வயசு 28.

சரி, இவ்வளவு பெரிய ஆட்டக்காரருக்கு அடுத்த வருஷம் என்னாச்சு?

1963-ல் முழங்கால் வீங்க ஆரம்பித்தது. மேட்ச் முடிந்தால் முட்டியில் நீர் கோத்துக்கொள்ளும். டாக்டர்கள் ஊசி போட்டு அந்த நீரை எடுப்பார்கள். அடுத்த மேட்ச்சுக்கு முன்னால் இன்னொரு ஊசி, வலி தெரியாமல் இருப்பதற்கு. மறுபடி ஆட்டம், மறுபடி வீக்கம். மூட்டுத் தேய்மானம் என்று கண்டுபிடித்தாகிவிட்டது. அதற்கு அப்போது இருந்த முதல் மருந்து ஓய்வு. அதைத் தர பொட்டாஃபோகோவுக்கு மனசில்லை.

காரணம் பணம்தான். அந்தக் காலத்தில் பிரேசில் கிளப்புகளின் பெரிய வருமானம், வெளிநாடுகளுக்குப் போய் ஆடும் நட்பு ஆட்டங்கள். ஐரோப்பாவிலும் தென் அமெரிக்க நாடுகளிலும் டிக்கெட் வாங்கியவர்கள் பொட்டாஃபோகோவைப் பார்க்க வரவில்லை, கரிஞ்சாவைப் பார்க்க வந்தார்கள். அவர் ஆடினால் ஒரு தொகை, ஆடாவிட்டால் அதைவிடக் குறைச்சல். வீங்கிய முட்டியோடு அவர் 90 நிமிடம் நொண்டினாலும் கிளப்புக்கு லாபம். வீட்டில் படுத்திருந்தால் நஷ்டம். கணக்கு இவ்வளவு எளிது.

வேறு கிளப்புக்குப் போய்விட வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். முடியாது. பிரேசிலில் அப்போது ‘பாஸே’ என்று ஒரு முறை. ஒப்பந்தம் முடிந்துபோனாலும் ஆட்டக்காரர் கிளப்பின் சொத்துதான். கிளப் விற்றால்தான் வேறு இடத்தில் ஆடலாம். இந்த முறை 1998-ல் வந்த சட்டத்தால்தான் ஒழிந்தது. அந்தச் சட்டத்துக்கு பீலேவின் பெயர். கரிஞ்சாவோ தொகை எழுதாத வெற்று ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு மீன் பிடிக்கப் போகிற ஆள். இரண்டு உலகக் கோப்பைகளை வென்றவரின் சம்பளம், அதே டீமில் இருந்த சிலரைவிடக் குறைவாக இருந்தது.

எல்லாப் பழியையும் கிளப் தலையில் போட்டுவிடவும் முடியாது. கரிஞ்சா கத்தி வைக்கப் பயந்தார். சிகிச்சைக்கு வரச் சொன்னால் பாவ் கிராண்டிக்கு ஓடிவிடுவார். அங்கே மந்திரித்துவிடுகிற ஒரு வயதான பெண்மணியை டாக்டர்களைவிட அதிகம் நம்பினார். குடி வேறு. அப்பா அமாரோவும் குடிகாரர், ஈரல் நோயில்தான் இறந்தார். அது பிள்ளைக்கும் அப்படியே வந்தது. கூடவே வீட்டுப் பிரச்னை. மனைவி நாயரையும் எட்டு மகள்களையும் விட்டுவிட்டு, பாடகி எல்சா சோரெஸுடன் வாழப் போனதற்கு நாடே அவரைத் திட்டியது. அவரைவிட அதிகமாக எல்சாவைத் திட்டியது.

ஒருவழியாக 1964-ல் ஆபரேஷன் நடந்தது. மெனிஸ்கஸ் என்கிற குருத்தெலும்புத் திண்டை எடுத்தார்கள். தொடை எலும்புக்கும் அதன் கீழே உள்ள எலும்புக்கும் நடுவில் இருக்கும் மெத்தை அது. இன்றைக்கு டாக்டர்கள் சின்னத் துளை போட்டு, கிழிந்த பகுதியை மட்டும் செதுக்குவார்கள், முடிந்தால் தைத்துவிடுவார்கள். அந்தத் திண்டு எவ்வளவு முக்கியம் என்று இப்போது தெரிந்திருப்பதால் அந்தக் கவனம். அன்றைக்குக் கிழிந்தால் எடுத்துப்போடுவதுதான் வழக்கம். மெத்தை போன மூட்டில் தேய்மானம் இன்னும் கூடும். வீக்கம் குறையலாம், வலி கொஞ்ச நாள் அடங்கலாம். ஆனால் நின்ற இடத்திலிருந்து வெடித்துக் கிளம்பும் அந்தப் பாய்ச்சல் திரும்பி வராது. அந்தப் பாய்ச்சல் இல்லாத கரிஞ்சா யார்? எதிராளிக்கு ஏற்கெனவே தெரிந்த ஒரே ஒரு வித்தையைக் கையில் வைத்திருக்கும் ஆள்!

இந்த நிலைமையில்தான் 1966 ஜனவரியில் சாவ் பாலோவின் கொரிந்தியன்ஸ் கிளப் வருகிறது. விலை 22 கோடி குருசேரோ. பணவீக்கம் தலைவிரித்தாடிய காலம் என்றாலும், 32 வயசு ஆளுக்கு, ஆபரேஷன் செய்த முழங்காலுக்கு, அது பெரிய தொகை. முழங்கால் விஷயம் கொரிந்தியன்ஸுக்குத் தெரியாதா? நாட்டுக்கே தெரியும். பிறகு ஏன் வாங்கினார்கள்?

அவர்கள் இடத்தில் இருந்து பாருங்கள். கொரிந்தியன்ஸ் கடைசியாக மாநிலப் பட்டம் வென்றது 1954-ல். அதே மாநிலத்தில் பீலேவின் சாண்டோஸ் கிளப் வருஷா வருஷம் கோப்பைகளை அள்ளிக்கொண்டிருந்தது. கொரிந்தியன்ஸின் ரசிகர்கள் லட்சக்கணக்கில், பெரும்பாலும் உழைக்கிற ஜனங்கள், ஏங்கிப்போயிருந்தார்கள். அவர்களுக்கு ஒரு பெயர் வேண்டும். பீலேவை வாங்க முடியாது. பீலேவுக்கு நிகராகச் சொல்லக்கூடிய ஒரே பெயர் விலைக்கு வந்திருக்கிறது. முழங்கால் சரியாகிவிட்டால் நாம் ஜெயித்தோம். சரியாகாவிட்டாலும் டிக்கெட் விற்கும். இப்படித்தான் கணக்குப் போட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன். காயம்பட்ட ஆளை வாங்கும் எந்த கிளப்பும் போடுகிற கணக்கு இதுதான். நல்லது நடந்தால் வரப்போகும் லாபம் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியும். நடக்காவிட்டால் என்ன என்பது அடுத்த சீசனின் கவலை.

மார்ச் மாதம் முதல் மேட்ச். பக்காயெம்பு மைதானத்தில் பெருங்கூட்டம். எதிரில் ரியோவின் வாஸ்கோ. கொரிந்தியன்ஸ் 0-3 என்று தோற்றது. கரிஞ்சா இடப்பக்கம் சாய்ந்தார், வலப்பக்கம் கிளம்பினார், எதிராளி அங்கேயே நின்றுகொண்டிருந்தார். அந்தக் கிளப்புக்காக அவர் மொத்தம் ஆடியது 13 மேட்ச், போட்டது 2 கோல். கொரிந்தியன்ஸுக்கு அடுத்த மாநிலப் பட்டம் கிடைக்க 1977 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அதோடு முடியவில்லை. அதே வருஷம் இங்கிலாந்தில் உலகக் கோப்பை. பயிற்சிக்கு 40-க்கும் மேற்பட்டவர்களை அழைத்தார்கள். கால் நன்றாக இருந்த இளைஞர்கள் அதில் எத்தனையோ பேர். பயிற்சியாளர் விசென்டே ஃபியோலா கரிஞ்சாவைத் தேர்ந்தெடுத்தார். 1958-ல் கோப்பை வென்ற அதே ஃபியோலா. பழைய நன்றியா, பழைய பெயர் எதிராளியைப் பயமுறுத்தும் என்ற நினைப்பா... இரண்டும்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இதில் உள்ள ஆபத்து இன்றைய ரசிகர்களுக்குச் சட்டென்று புரியாது. 1966 உலகக் கோப்பையில் மாற்று ஆட்டக்காரரே கிடையாது! அது 1970-ல்தான் வந்தது. பாதி மேட்ச்சில் ஒருவருடைய முட்டி போய்விட்டால், அவர் ஓரமாக நொண்டிக்கொண்டு நிற்க வேண்டும். மீதி 10 பேர்தான் ஆட வேண்டும். அப்படியிருக்க, தேய்ந்த முழங்காலோடு ஒருவரை இறக்குவது என்றால் பாருங்களேன்.

முதல் மேட்ச், பல்கேரியாவுக்கு எதிராக. பீலே ஒரு ஃப்ரீ கிக் கோல், கரிஞ்சா ஒரு ஃப்ரீ கிக் கோல். 2-0. பிரேசிலே துள்ளியது. கவனித்தீர்களா, ஃப்ரீ கிக். நின்ற பந்தை அடிக்க முழங்கால் முறுக்க வேண்டியதில்லை. பீலேவும் கரிஞ்சாவும் சேர்ந்து ஆடிய கடைசி மேட்ச் அதுதான். அதில் அடி வாங்கிய பீலே அடுத்த மேட்ச்சில் இல்லை. ஹங்கேரி 3-1 என்று பிரேசிலை வீழ்த்தியது. தேசிய அணிச் சட்டையில் கரிஞ்சா ஆடி, பிரேசில் தோற்ற ஒரே மேட்ச் அது. அதுவே அவருடைய கடைசி சர்வதேச மேட்ச்சும்கூட. மூன்றாவது மேட்ச்சில் அவரை எடுக்கவில்லை. முழுதாகக் குணமாகாத பீலேவை இறக்கினார்கள். போர்ச்சுகல்காரர்கள் அவரை மிதித்துத் தள்ள, மாற்று ஆள் இல்லாததால் அவர் நொண்டிக்கொண்டே மைதானத்தில் இருந்தார். 1-3. பிரேசில் வீட்டுக்குக் கிளம்பியது. ஒரே உலகக் கோப்பையில் இரண்டு பேரை வைத்து ஒரே தப்பைச் செய்தார்கள்.

என்னைக் கேட்டால், கொரிந்தியன்ஸைப் பெரிதாகக் குறைசொல்ல மாட்டேன். ஏமாந்தது அவர்களுடைய பணம். 1963-ல் ஊசி போட்டு இறக்கிவிட்ட அந்த மாதங்களைத்தான் மன்னிக்க முடியவில்லை. வலி என்பது மூட்டு அடிக்கிற மணி. அந்த மணியை அமுக்கிவிட்டு ஓடச் சொன்னால், அவர் ஓடத்தான் செய்வார். வேறு எதுவும் தெரியாத, வேறு எங்கும் போக முடியாத மனுஷன்.

பிறகு நடந்தவை வேகமாக நடந்தன. கொலம்பியாவில் ஒரே ஒரு மேட்ச். ஃபிளமெங்கோவில் கொஞ்ச நாள். 1969-ல் அவர் ஓட்டிய கார் விபத்தில் சிக்கி, எல்சாவின் அம்மா இறந்துபோனார். குடி இன்னும் அதிகமானது. 1972-ல் ஒலாரியா என்கிற சின்ன கிளப். ஒவ்வொரு இடத்திலும் அதே கதை: பெயருக்காகக் கூப்பிட்டார்கள், முழங்காலைப் பார்த்ததும் விட்டுவிட்டார்கள்.

1973 டிசம்பர் 19 அன்று மரக்கானா மைதானத்தில் அவருக்காகப் பிரிவுபசார ஆட்டம் வைத்தார்கள். 1,30,000-க்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள். வயசு 40, உடம்பு பருத்துவிட்டது. பந்து காலுக்கு வரும்போதெல்லாம் அந்தக் கூட்டம் பழைய பாய்ச்சலுக்காக எழுந்து நின்றது. முதல் பாதியிலேயே அவரை வெளியே அழைத்தார்கள். மைதானத்தைச் சுற்றி நடந்துவிட்டுப் படியிறங்கினார். அன்று சேர்ந்த பணத்தில் மகள்களுக்கும் பங்கு போனது.

1983 ஜனவரி 20 அன்று, ரியோவில் ஓர் ஆஸ்பத்திரியில், குடி கெடுத்த ஈரலோடு இறந்தார். வயசு 49. உடலை மரக்கானாவில் வைத்தார்கள். பிறகு தீயணைப்பு வண்டியில் ஏற்றி, மில் ஊர் இருக்கும் திசைக்குக் கொண்டுபோனார்கள். வழி நெடுகச் சாலையின் இரண்டு பக்கமும் ஜனங்கள் நின்றார்கள்.