3 பருவங்களில் நின்றுபோன ஆட்டம்: யார் இந்த மொரிஸ் ஸ்டோக்ஸ்?

என்பிஏ பார்ப்பவர் என்றால் ஜோர்டன், கோபி பெயர்கள் உங்களுக்கு அத்துப்படி. மொரிஸ் ஸ்டோக்ஸைத் தெரியுமா? 1950களில் அமெரிக்கக் கூடைப்பந்தின் பெரிய நட்சத்திரங்களில் அவரும் ஒருவர். அவர் ஆடியது 3 பருவங்கள்தான்.

எப்படி ஆரம்பித்தார்?

1933இல் பென்சில்வேனியா மாநிலத்தில் பிறந்தவர் ஸ்டோக்ஸ். உயரம் 6 அடி 7 அங்குலம். 1955இல் ரோச்செஸ்டர் ராயல்ஸ் குழு அவரைத் தேர்ந்தெடுத்தது.

முதல் ஆட்டத்திலேயே 32 புள்ளிகள், 20 ரீபவுண்ட். அதாவது, கூடைக்குள் விழாமல் திரும்பி வரும் பந்தை 20 முறை பிடித்திருக்கிறார். புதுமுக ஆட்டத்துக்கு இது சாதாரண விஷயமில்லைங்க!

அந்தப் பருவத்தின் சிறந்த புதுமுக விளையாட்டாளர் விருது அவருக்குத்தான். அடுத்த பருவத்தில் 1,256 ரீபவுண்ட் எடுத்தார். அப்போது அது புதிய சாதனை. 3 பருவங்களிலும் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்குத் தேர்வானார்.

என்ன நடந்தது?

1957இல் ராயல்ஸ் குழு சின்சினாட்டிக்கு மாறியது. 1958 மார்ச் 12ஆம் தேதி, வழக்கமான பருவத்தின் கடைசி ஆட்டம், மினியாப்பொலிஸில். கூடையை நோக்கிப் பாய்ந்த ஸ்டோக்ஸ் கீழே விழுந்தார். தலை தரையில் மோதி, நினைவிழந்தார்.

மூக்கருகே உப்பு மருந்தை வைத்து எழுப்பினார்கள். அவ்வளவுதான், மறுபடியும் ஆடப் போய்விட்டார்!

3 நாள் கழித்து டெட்ராய்ட்டில் இன்னோர் ஆட்டம். அதிலும் ஆடினார். திரும்பும் விமானத்தில் வலிப்பு வந்தது. உடல் முழுதும் செயலிழந்தது, பேச்சும் போனது. ஆனால் அறிவு தெளிவாகவே இருந்தது. அப்போது வயது 24.

யார் கைகொடுத்தது?

அந்தக் காலத்தில் விளையாட்டாளர்களுக்கு இன்றைக்கு உள்ளதுபோல் மருத்துவக் காப்பீடு கிடையாது. சிகிச்சைச் செலவோ மலைபோல் இருந்தது.

முன்வந்தவர் சக ஆட்டக்காரர் ஜேக் ட்வைமன். ஸ்டோக்ஸைவிட ஒரு வயது இளையவர். ஸ்டோக்ஸ் கறுப்பினத்தவர், ட்வைமன் வெள்ளையர். இன ஒதுக்கல் நிலவிய அன்றைய அமெரிக்காவில் ட்வைமன் அவருடைய சட்டபூர்வப் பாதுகாவலரானார்.

வேலையிடக் காய இழப்பீட்டுக்குப் போராடி அதைப் பெற்றுத் தந்தார். நியூயார்க் மாநிலத்தில் ஆண்டுதோறும் நிதி திரட்டும் ஆட்டம் நடத்தினார். வில்ட் சேம்பர்லின் போன்ற நட்சத்திரங்களும் அதில் ஆடினார்கள்.

பேச முடியாத ஸ்டோக்ஸிடம் எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்வார் ட்வைமன். சரியான எழுத்து வந்ததும் ஸ்டோக்ஸ் கண் சிமிட்டுவார். ஒரு சொல்லுக்கு எவ்வளவு நேரம் ஆகும், யோசித்துப் பாருங்க.

இன்று என்ன மிச்சம்?

1970இல் மாரடைப்பால் காலமானபோது ஸ்டோக்ஸுக்கு வயது 36. 2004இல் கூடைப்பந்துப் புகழ் மண்டபத்தில் அவர் பெயர் சேர்ந்தது. அவர் சார்பில் கௌரவத்தைப் பெற்றுக்கொண்டவர் ட்வைமன். சிறந்த சக விளையாட்டாளருக்கு 2013 முதல் என்பிஏ தரும் விருது இருவர் பெயரையும் தாங்கியிருக்கிறது.

தலையில் அடிபட்டவரைச் சோதிக்காமல் ஆட விடக்கூடாது என்ற விதியை என்பிஏ 2011இல்தான் எல்லாக் குழுக்களுக்கும் கொண்டுவந்தது. ஸ்டோக்ஸ் விழுந்து 53 ஆண்டுகளுக்குப் பிறகு.

பள்ளியிலோ புளோக்குக்குக் கீழேயோ நீங்களும் ஆடுபவராக இருக்கலாம். தலையில் அடிபட்டால், 'ஒண்ணுமில்ல, ஆடலாம்' என்று எழுந்து ஓடாதீர்கள். உட்காருங்கள். பயிற்றுவிப்பாளரிடம் சொல்லுங்கள். மருத்துவரைப் பாருங்கள்.