பொய்கையில் அப்பச்சனின் வாழ்வும் பாட்டும்

நெய்யாற்றின்கரையிலிருந்து பாறசாலைக்குச் செல்லும் பெருவழியில் உதியன்குளங்கரை என்னும் ஊர் உள்ளது. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளன்று விளவங்கோடு நம் பக்கத்திலும் நெய்யாற்றின்கரை கேரளத்திலும் சேர்ந்தபின், தமிழும் மலையாளமும் கலந்து வழங்கும் இவ்வெல்லைக் கிராமங்களைப்பற்றி நம் அன்பர்கள் கேள்விப்படுவது அரிதாயிற்று. பிரத்யட்ச ரட்சா தெய்வ சபையின் கிளைத் தலைமையிடங்களுள் ஒன்று அவ்வூரில் இருக்கின்றது. தலைமை இடம் திருவல்லாவை அடுத்த இரவிபேரூர். அச்சபையை நிறுவிய பொய்கையில் யோகன்னானை அடியார்கள் அப்பச்சன் என்றும் ஸ்ரீ குமாரகுருதேவன் என்றும் போற்றுவர். அவர் பௌத்தர் அல்லர். ஆயினும் நம் முன்னோரை வாட்டிய அதே கேள்வியே அவரையும் வாட்டியது என்பதால் அவர் சரித்திரத்தை ஈண்டு எழுதலானோம்.

1879-ஆம் ஆண்டு பிப்ரவரி 17-ஆம் நாள், இரவிபேரூரில், பறையர் குலத்தில் கண்டன், லேச்சி என்போருக்கு மகனாகத் தோன்றினார். இளமைப் பெயர் குமாரன். திருவிதாங்கூர் அரசு அடிமை முறையை ஒழித்து விளம்பரம் செய்தது 1855-இல். அதற்கு இருபத்து நான்கு ஆண்டுகள் கழித்துப் பிறந்த இக்குழந்தையோ, ஒரு சிரியன் கிறிஸ்தவ நிலக்கிழார் வீட்டுக்கு ஊழியஞ் செய்தே வளர்ந்தது. விளம்பரம் ஏட்டில் இருந்தது. நுகம் கழுத்தில் இருந்தது!

எழுத்தறிந்து, ஞானஸ்நானம் பெற்று, யோகன்னான் ஆனார். மார்த்தோமா சபை, அதன்பின் சகோதரர் சபை, அதன்பின் வேர்பாடு சபை என ஒன்றைவிட்டு மற்றொன்றை நாடினார். எங்கும் சாதி அவருக்கு முன்னரே சென்று அமர்ந்திருந்தது. பவுலின் நிருபங்கள் உரோமர்க்கும் கொரிந்தியர்க்கும் எழுதப்பட்டன, திருவிதாங்கூர்ப் புலையர்க்கென எழுதப்பட்டது எது எனக் கேட்டார். வாகத்தானத்தில் வேதநூலைத் தீயிலிட்டார். 1909-10-ஆம் ஆண்டுகளில் அவர்தம் சொந்தச் சபை உருப்பெற்றது.

அவர் ஆயுதம் பாட்டு. பல குலங்களின் சரித்திரங்களைப் புரட்டிப் பார்த்தும் தம் குலத்தைக் குறித்து ஓர் எழுத்தும் காணாத துயரம் அப்பாட்டுகளின் உயிர்நாடி. எருதுடன் ஏரில் பூட்டப்பட்ட மனிதன், ஒருவனுக்கு விற்கப்பட்ட தந்தை, வேறொருவனுக்கு விற்கப்பட்ட தாய், இருவரையும் இழந்து கதறும் குழந்தைகள்: இவையே அவர் கையாண்ட உருவங்கள். அவ்வனாதைக் குழந்தை ஓர் இனம் முழுவதற்கும் குறியீடு. கூட்டங்களில் இவற்றைக் கேட்டோர் தம் பாட்டன் பாட்டிமாரை நினைந்து அழுதனர். அவ்வழுகை வாயிலாகவே பறையரும் புலையரும் குறவரும் தாம் ஒரு தாய் மக்கள் என்று உணரத் தலைப்பட்டனர்.

அமெரிக்க நீக்ரோ அடிமைகளின் பாடல்களை இங்கு நினையாதிருத்தல் இயலாது. அடிமை முறை 1865-இல் அங்கு ஒழிந்தது. 1871-இல் பிஸ்க் கல்லூரி மாணவர் குழுவினர் அப்பாடல்களை ஊர்தோறும் பாடிச் சென்றனர். எகிப்து, மோசே, யோர்தான் நதி ஆகியவை அவர்களுக்கு விடுதலையின் அடையாளங்கள். ஜமைக்காவின் பாப் மார்லி 1977-இல் தம் இசைத்தட்டுக்கு வேதாகமத்தின் யாத்திராகமப் பெயரையே இட்டார். 1968-இல் ஜேம்ஸ் பிரவுன் கருமையையே பெருமைச் சொல்லாக்கிப் பாடினார். அவர்கள் இஸ்ரவேலரின் கதையில் தம் முகத்தைக் கண்டனர். அப்பச்சனோ அப்புத்தகத்தில் தம் முகம் இல்லையென்று கண்டு அதனை மூடினார். அவர்களுக்குக் கடலுக்கப்பால் ஆப்பிரிக்கா என்றொரு தாயகம் இருந்தது. இவருடைய மக்களோ தம் சொந்த மண்ணிலேயே விற்கப்பட்டவர்கள். திரும்பிச் செல்ல வேறு கரை ஏது?

பண்டிதர் அயோத்திதாசரும் அக்காலத்தவரே. 1898-இல் சாக்கிய பௌத்த சங்கத்தையும் 1907-இல் தம் இதழையும் தொடங்கிய பண்டிதர், தமிழ் நூல்களை ஆராய்ந்து, நாம் பூர்வ பௌத்தர் என நிறுவினார். ஒருவர் இழந்த மேன்மையைக் காட்டினார். மற்றவர் பட்ட துன்பத்தை மறவாதே என்றார். பண்டிதர் வழியே நம் வழி. ஆயினும் வயலில் வீழ்ந்த உடல்களின் நினைவு நம் ஆராய்ச்சிகளில் போதிய அளவு இடம்பெறவில்லை என்பதே எம் கருத்து. இரட்சகன் ஒருவன் வந்து மீட்பான் என்னும் அப்பச்சனின் கொள்கையைத் தமக்குத் தாமே புகலிடமாதல் வேண்டுமென்ற பகவன் புத்தரின் தம்மம் ஏற்காது. அதுபற்றி அவர் அடியாரோடு நாம் வழக்காட விரும்பவில்லை.

பாடியதோடு அவர் நிற்கவில்லை. பள்ளிகள் நிறுவினார். 1921-லும் 1931-லும் ஸ்ரீமூலம் பிரஜா சபைக்கு நியமனம் பெற்றார். நெய்யாற்றின்கரைத் தாலுகாவின் வெங்ஙானூரில் பிறந்த அய்யன்காளியும் அச்சபையில் உறுப்பினராக விளங்கியவர்.

1939-ஆம் ஆண்டு ஜூன் 29-ஆம் நாள் அப்பச்சன் மறைந்தார். பின்னர் அவர்தம் துணைவியார் ஜானம்மா சபையை நெடுங்காலம் நடத்தினார். மனப்பாடமாகவே வழங்கிவந்த பாடல்கள் பிற்காலத்தில் அச்சேறின. வரலாற்றாசிரியர் சனல் மோகன் 2015-இல் வெளியிட்ட கேரள அடிமை முறை பற்றிய ஆங்கில நூலில் அவற்றை விரிவாக ஆராய்ந்துள்ளார். இரு மொழியும் அறிந்த எல்லையோர அன்பர்கள் அப்பாடல்களின் கருத்தைத் தமிழில் எழுதி அனுப்புவாராயின், இவ்விதழில் நன்றியுடன் இடமளிப்போம்.